கறுக்க வறுத்த மாவு

நூமா தெவீனின் ஈரலில் வந்த கட்டிக்கு இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அது 1979 ஜனவரிக் கடைசி. "கேட்டதைக் குடுங்க. கேக்கறப்பவே குடுங்க" என்று நர்ஸ், அவன் மனைவி ஐடெல்லாவின் தோளைத் தொட்டுச் சொன்னாள். ஐடெல்லாவுக்கு அது போதும். பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக்கூடத்தில் பத்தொன்பது வருஷம் நானூறு பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டவள். கைக்கு வேலை இருந்தால் நெஞ்சு சொன்னபடி கேட்கும் என்று நம்புகிறவள்.

தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தாள். புகையில் வாட்டிய பன்றிக் கணுக்காலைப் போட்டுக் கீரையை மூன்று மணி நேரம் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தாள். சர்க்கரை சேர்க்காத சோள ரொட்டியை மோரில் நொறுக்கிப் போட்டாள். கோழியைக் குழம்பில் அமுக்கி மூடி, எலும்பு கழலும்வரை விட்டாள். எல்லாம் லூசியானாவின் வடகோடியில், டல்லூலாவில், பருத்திக்காட்டிலிருந்து திரும்பிவந்து அவள் அம்மா சமைத்த சாப்பாடு. நூமா ஒவ்வொன்றிலும் இரண்டு வாய் வாங்கிக்கொண்டு, "நல்லாருக்கு டெல்லா" என்று கிண்ணத்தை நகர்த்திவைத்தான்.

ஒரு வியாழக்கிழமை காலை, அவள் முகம் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னான்.

"டெல்லா, அம்மா வச்ச கம்போ கொஞ்சம் கிடைக்குமா?"

"எந்த அம்மா? எங்க அம்மாவா?"

"உங்க ஊர்ல ஏது கம்போ? கம்போ கேட்டா கீரைத் தண்ணி குடுப்பீங்க."

"அந்தக் கீரைத் தண்ணியிலதான் இருபத்தேழு வருஷம் ஓட்டியிருக்கே."

அவன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு இருமலாகப் போயிற்று. அவனைச் சாய்த்துப் படுக்கவைத்துவிட்டு ஐடெல்லா சமையலறைக்கு வந்தாள். கையில் துணி இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாதவள்போல் நின்றாள்.

வறுத்த மாவில் கறியோ மீனோ போட்டுக் கொதிக்கவைக்கும் அந்தக் கம்போக் குழம்பை அவள் வீட்டில் வைப்பதில்லை. வைத்தது ஒரே தடவை. கல்யாணமான புதிதில், மாமியார் ஃபெலிசியின் வீட்டிலேயே குடியிருந்த காலம். நியூ ஆர்லியன்ஸின் ஏழாம் வார்டில் தெவீன் குடும்பம் என்றால் மூன்று தலைமுறையாகச் சுவர்ப்பூச்சு வேலைக்குப் பேர்போன, பிரெஞ்சு ரத்தமும் கறுப்பு ரத்தமும் கலந்த கிரியோல் குடும்பம். வீட்டில் பிரெஞ்சு, ஞாயிறானால் கத்தோலிக்கக் கோயில். பாலில் டிகாக்‌ஷன் சொட்டியதுபோல் வெளுத்த தோல். அந்த வீட்டுக்கு ஐடெல்லா கரிய தோலோடும் பாப்டிஸ்ட் பாட்டுப் புத்தகத்தோடும் வந்து சேர்ந்தாள். மாமியாரை மகிழ்விக்கலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்போ வைத்தாள். குழம்புக்கு மாவு வறுக்க அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டல்லூலாவில் வறுப்பதுபோல் நன்றாகச் சிவக்க, சிவப்பும் தாண்டிக் கறுக்க வறுத்தாள். ஃபெலிசி சமையலறைக்குள் வந்தாள், மூக்கை உறிஞ்சினாள், சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கிக் கொல்லைச் சாக்கடையில் கொட்டினாள். திரும்பிவந்து, குரல் உயராமல் சொன்னாள்:

"இந்த நிறம் என் வீட்டுக்குள்ள வரக்கூடாது."

அந்தச் சொல்லை ஐடெல்லா இருபத்தாறு வருஷமாகச் சுமந்துகொண்டிருந்தாள். எந்த நிறத்தைச் சொன்னாள் என்று அவளுக்குச் சந்தேகமே வந்ததில்லை.

ஃபெலிசி செத்துப் பதினோரு வருஷம் ஆயிற்று. அடக்கம் முடிந்து எல்லோரும் சாப்பிட வந்த அன்று, ஐடெல்லா ஒரு பெரிய சட்டி நிறையக் கருங்குழம்பில் அமுக்கிய கோழி கொண்டுபோனாள். விருந்து முடிந்து பாத்திரம் எடுக்கப் போனால் சட்டியைக் காணோம். பின்படிக்கட்டுக்குக் கீழே, மூடிகூடத் திறக்காமல் கிடந்தது. வைத்தவள் யூலாலி, நூமாவின் அக்கா. அன்றைக்கு அந்த வாசலைத் தாண்டியவள் ஐடெல்லா, அப்புறம் அங்கே கால்வைக்கவில்லை.

இப்போது ஃபெலிசியின் கைப்பக்குவம் தெரிந்தவள் யூலாலி ஒருத்திதான்.

மத்தியானம் பக்கத்துவீட்டுக்காரியை நூமாவிடம் உட்காரவைத்துவிட்டு, தேவாலயத்துக்குப் போகும் கோட்டை மாட்டிக்கொண்டு ஐடெல்லா போனாள். நாலு தெரு நடந்தால் அந்த வீடு. யூலாலி கதவைத் திறந்தாள். அறுபத்தைந்து வயதிலும் முதுகு வளையாதவள், புருஷனை இழந்து தனியாக இருப்பவள்.

"மிஸ் யூலாலி, நான் எனக்காக வரல."

"தெரியும். உள்ள வா."

"நூமா உங்க அம்மா வச்ச கம்போ வேணும்ங்கறான். எனக்கு அது வராது. நீங்க வந்து வச்சுத் தரணும்."

யூலாலி, அலமாரிக்கு மேலே வெள்ளைத் துணியில் சுற்றிவைத்திருந்த அம்மாவின் சட்டியை எடுக்க நாற்காலியை இழுத்தாள்.

"நாற்காலியைப் பிடிச்சுக்கோ. விழுந்து வச்சேன்னா நீ ரெண்டு பேருக்குச் சமைக்கணும்."

மறுநாள் காலையில் யூலாலி வந்துவிட்டாள். கூடையில் நண்டு, இறால், வெண்டைக்காய், தக்காளி, சின்னக் கண்ணாடிப் புட்டியில் குழம்பைக் கெட்டியாக்கும் இலைப்பொடி. வந்ததும் நூமாவின் நெற்றியில் முத்தமிட்டாள், பிரெஞ்சில் ஏதோ திட்டினாள், அவனும் பதிலுக்கு ஏதோ சொன்னான். அப்புறம் ஏப்ரன் கட்டிக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். வெண்ணெயில் மாவை மெல்ல வறுத்தாள். புதுச் செப்புக்காசின் நிறம் வந்ததும் சட்டென்று வெங்காயத்தைக் கொட்டி நிறுத்தினாள். வெண்டைக்காயைத் தனியாக வதக்கினாள். இறால் ஓட்டை வேகவைத்து வடித்த நீரை ஊற்றி, தக்காளியை நசுக்கிப் போட்டாள். வீடு முழுக்கக் கடல் வாசனை. ஐடெல்லா பக்கத்தில் நின்று வெங்காயம் நறுக்கிக் கொடுத்தாளே தவிர, கரண்டியைத் தொடவில்லை. யூலாலி கொடுக்கவுமில்லை.

பரிமாற நல்ல பீங்கான் தட்டே வேண்டும் என்றாள் யூலாலி. நூமாவை நிமிர்த்தி உட்காரவைத்து, முதல் கரண்டியைத் தன் கையாலேயே கொடுத்தாள்.

அவன் விழுங்கினான். கண்ணை மூடிக்கொண்டான். இன்னொரு கரண்டி வாங்கினான்.

"அம்மா வைக்கறது அப்படியே இருக்கு அக்கா."

"பின்ன?"

"ஆனா இது இல்ல."

"எது இல்ல?"

"இது ஞாயித்துக்கிழமை வைக்கறது. நான் சொல்றது அதுக்கு முன்னாடி. சின்ன வயசுல. கறுப்பா இருக்கும் அக்கா, காபி மாதிரி. தக்காளி கிடையாது. கொஞ்சம் கசக்கும். வாத்துக்கறி. நடுவுல சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கை உடைச்சுப் போட்டு, ஊதி ஊதிக் குடுப்பா." அவன் மூச்சு வாங்கினான். "அம்மா அதை ஏன் விட்டுட்டா? உனக்கு ஞாபகம் இருக்கணுமே. நீ பெரியவ."

யூலாலி தட்டைக் கீழே வைத்தாள்.

"ஞாபகம் இல்ல" என்றாள். எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

ஐடெல்லா அவனுக்கு வாய் துடைத்துவிட்டு உள்ளே போனபோது, யூலாலி ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"மிஸ் யூலாலி, உங்களுக்குப் பொய் சொல்ல வரல."

"வரும். அம்பத்திரெண்டு வருஷம் சொல்லியிருக்கேன்."

பிறகு சொன்னாள். தலையைக் குனிந்துகொண்டு, மேஜைத்துணியின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தபடி சொன்னாள்.

அப்பா வால்சேன், மேற்கே சதுப்புநிலத்துப் பக்கம் கோயில்களுக்குச் சுவர் பூசப் போய் மாதக்கணக்கில் தங்குவார். அங்கே பிரெஞ்சு பேசும் கேஜன் இனத்துப் பெண் ஒருத்தி, அசேலி கோர்மியே. வெள்ளைக்காரி. ஏழை வீடு, மீன் பிடிக்கிறவர்கள். வால்சேனுக்கு இங்கே மனைவியும் மகளும் இருந்தார்கள். இல்லாவிட்டாலும் அவளைக் கட்டிக்கொள்ளச் சட்டம் விடாது, சேர்ந்திருந்தால் ஜெயில். பிறந்த பையனை யாரோ வாசலில் விட்டுப்போன அனாதை என்று சொல்லி அசேலி வீட்டார் வளர்த்தார்கள். இருபத்தேழாம் வருஷம் பெரிய வெள்ளம் வந்து அந்தப் பக்கமே தண்ணீருக்குள் போனபோது, அப்பா போய்ப் பையனைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"எனக்குப் பதினாலு வயசு. நூமா வாசல்ல நிக்கிறான், காலெல்லாம் சேறு. பேசற பிரெஞ்சு எங்களுக்கே பாதி புரியல. அம்மா ஒரு வார்த்தை பேசல. குளிப்பாட்டினா. சோறு போட்டா. அவன் சாப்பிட மாட்டேன்னு அழுதான். கறுப்புக் கம்போ, கறுப்புக் கம்போன்னு மூணு நாள் அழுதான். அம்மா தன் கம்போவையே வச்சா. நாலாம் நாள் பசி தாங்காம தின்னுட்டான். அப்புறம் அந்த வீட்டுல மாவு கறுத்ததே இல்ல. பக்கத்து வீட்டுல கறுத்தாக்கூட அம்மா ஜன்னலைச் சாத்துவா."

ஐடெல்லா அடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்போ அன்னிக்கு என் சட்டியைக் கொட்டினது..."

"அதேதான். அந்த வாசனை."

"இந்த நிறம் வரக்கூடாதுன்னாங்களே. என்னைச் சொல்லலையா?"

யூலாலி தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தாள். பொய் சொல்ல எளிதான இடம் அது.

"உன்னையும்தான்" என்றாள்.

ஐடெல்லா அடுப்பை விட்டு நகர்ந்து கேட்டாள், "அந்தப் பொண்ணு வெள்ளத்துல போயிட்டாளா?"

"அப்பா அப்படிச் சொல்லல. அம்மாகிட்டயும் சொல்லல, அது மட்டும் எனக்குத் தெரியும். ஊர் பேரு கேட்டஹூலா. வெள்ளத்துக்குப் போட்ட கரையோரம்."

"நான் போறேன்."

"போய்?"

"கேட்டதைக் குடுக்கச் சொல்லியிருக்காங்க."

"நான் வரமாட்டேன்."

"உங்களைக் கூப்பிடல. நீங்க இங்க அவன் பக்கத்துல இருங்க. மூணு மணிக்கு மாத்திரை."

சனிக்கிழமை விடிந்ததும் நூமாவின் பழைய வேலை வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பின்னால் சுண்ணாம்புத் தூசி படிந்த பலகைகள் கடகடத்தன. இரண்டரை மணி நேரம். சதுப்புநிலத்தின் மேல் தூண்களில் நிற்கும் அந்த நீண்ட பாலத்தைக் கடந்து, கரையோரச் சாலையில் இறங்கி, ஒரு பெட்ரோல் பங்க்கில் பேரைச் சொல்லி விசாரித்தாள். அங்கிருந்தவன் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு வழி சொன்னான்.

தகரக்கூரை போட்ட வீடு. வாசலில் அறுபது தாண்டிய ஒருவர் கிராஃபிஷ் பிடிக்கும் கம்பிக்கூண்டுகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்.

"அசேலி கோர்மியே வீடு இதுதானே சார்?"

"இருந்தது. அக்கா போயி ரெண்டு வருசமாச்சு. நான் அவ தம்பி ஓவீத். என்ன வேணும்?"

ரெண்டு வருஷம். வெள்ளத்தில் போனாள் என்று யாராவது சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று ஐடெல்லாவுக்குத் தோன்றியது.

"நான் நியூ ஆர்லியன்ஸ்லேர்ந்து வரேன். என் புருஷன் பேரு நூமா."

ஓவீத் குறடைக் கீழே வைத்தார். முதலில் சாலையைப் பார்த்தார், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். அப்புறம்தான் அவளைப் பார்த்தார்.

"உள்ள வாங்க" என்றார்.

உள்ளே அவளை உட்காரச் சொன்னார். தான் உட்காரவில்லை. ஐடெல்லா சுருக்கமாகச் சொன்னாள். நோய், கட்டில், அவன் கேட்டது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டுவிட்டுச் சொன்னார்.

"அந்தப் பேரை வச்சது அவதான். எங்க தாத்தா பேரு. வெள்ளம் வந்தப்போ எனக்குப் பத்து வயசு. அவனைத் தோள்ல தூக்கிட்டுத் திரிவேன். வெள்ளம் வந்து எங்களையெல்லாம் படகுல ஏத்திக் கொண்டுபோயி முகாம்ல விட்டாங்க. வெள்ளைக்காரங்களுக்கு ஒரு பக்கம், கறுப்பங்களுக்கு ஒரு பக்கம். நடுவுல கம்பிவேலி. ஒருத்தன் நோட்டு வச்சுக்கிட்டு நின்னான். பையனைப் பார்த்தான், தலைமுடியைத் தொட்டுப் பார்த்தான். 'இது அந்தப் பக்கம்' அப்படின்னான். அக்கா என் புள்ளைன்னு சொல்ல வாயெடுத்தா. எங்கப்பா அவ கையைப் பிடிச்சு அழுத்தினாரு. சொல்லியிருந்தா அவளைப் பிடிச்சு உள்ள போட்டிருப்பாங்க. அஞ்சு வயசுகூட ஆவல. தனியா அந்தப் பக்கம் போனான்."

"யாருகிட்ட இருந்தான்?"

"யாரோ ஒரு அம்மா எடுத்து வச்சுக்கிட்டாங்க. பேரு தெரியாது. அக்கா எங்கயோ ஒரு வாத்து வாங்கி, சட்டி கடன் வாங்கி கம்போ வச்சா. கிண்ணத்துல எடுத்துக்கிட்டு வேலிகிட்டப் போனா. மொதநாள் வந்து வாங்கித் தின்னான். ரெண்டாம் நாளும் வந்தான். மூணாம் நாள் கிண்ணத்தோட நின்னுக்கிட்டே இருந்தா. பூச்சுக்காரரு வந்து கூட்டிட்டுப் போயிட்டாருன்னு அந்த அம்மா வந்து சொன்னாங்க. நான் அந்தக் கிண்ணத்தை வாங்கப் பார்த்தேன். விரலைப் பிரிக்க முடியல."

அவர் ஜன்னலிலிருந்து திரும்பினார்.

"அவ கல்யாணம் கட்டல. ஒரே ஒரு தடவை நியூ ஆர்லியன்ஸ் போனா, உலக யுத்தம் முடிஞ்ச மறுவருசம். சாயங்காலம் திரும்பிட்டா. என்னக்கா ஆச்சுன்னேன். 'சாரத்து மேல நின்னு சுவர் பூசிக்கிட்டு இருந்தான். மத்தியானம் வரைக்கும் எதுர்ல நின்னேன். கீழ எறங்கிச் சாப்பிட உக்காந்தான். வந்துட்டேன்' அப்படின்னா. அவ்வளவுதான். அதுக்கப்புறம் அதைப் பத்திப் பேசினதே இல்ல."

வெளியே ஏதோ வண்டி போனது. அது போகும்வரை ஓவீத் பேசவில்லை. பிறகு ஃப்ரீசரைத் திறந்து, காகிதத்தில் சுற்றிய இரண்டு வாத்துகளை எடுத்தார்.

"ரெண்டு மணி நேரம் இருப்பீங்களா?"

"இருக்கேன்."

கனமான இரும்புச் சட்டியில் பன்றிக்கொழுப்பை உருக்கி மாவைக் கொட்டினார். கிளறத் தொடங்கியதும் அவர் தோள்கள் இறங்கின. ஐடெல்லா எழுந்து பக்கத்தில் போய் நின்றாள். மாவு செம்பானது. யூலாலி நிறுத்திய இடம். மாவு செங்கல் நிறமானது. டல்லூலாவில் அம்மா குழம்புக்கு நிறுத்தும் இடம் அதற்கு அப்பால், கறுக்கத் தொடங்கும்போது. ஓவீத் நிறுத்தவில்லை.

"கரண்டியைப் பிடிங்க, நான் வாத்தை வெட்டறேன்" என்றார்.

அவள் வாங்கிக் கிளறினாள். புகை லேசாக எழுந்தது. அவள் கை தயங்கியது.

"இன்னும்" என்றார் அவர், திரும்பிப் பார்க்காமலே.

"தீஞ்சிடும் மிஸ்டர் ஓவீத்."

"தீயறதுக்கு ஒரு நிமிசம் முன்னாடி சொல்றேன். இன்னும்."

கருங்காபி நிறம் வந்ததும் வெங்காயத்தையும் குடைமிளகாயையும் அள்ளிப் போட்டார். சீறியது. அப்புறம் வாத்து, புகைபோட்ட சாசேஜ், தண்ணீர்.

"தக்காளி?" என்றாள் ஐடெல்லா, வேண்டுமென்றே.

"தக்காளியா? அதெல்லாம் உங்க பட்டணத்துக்காரங்க போடறது. நான் தக்காளி போட்டா அக்கா கல்லைத் தள்ளிட்டு எந்திரிச்சு வந்துருவா." சொல்லிவிட்டு இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு முடிந்ததும் அவர் சட்டைக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுப்புச் சாம்பலுக்குள் கிழங்கு வெந்துகொண்டிருந்தது.

புறப்படும்போது சட்டியை மூடி, துண்டால் கட்டி, வண்டியில் முன்சீட்டின் காலடியில் அவரே வைத்தார்.

"நீங்களும் வாங்களேன். உங்களைப் பார்த்தா..."

"எனக்கு ரெண்டு பசங்க இருக்காங்க, மருமகள்கள், கோயில், எல்லாம் இங்கதான்" என்றார் ஓவீத். அது பதில் இல்லை என்று இருவருக்கும் தெரிந்தது. "சூடு பண்றப்போ மெதுவா பண்ணுங்க."

நாலு மணிக்கு வீடு வந்தாள். யூலாலி கட்டிலருகே ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தாள். மூடியைத் திறந்ததும் அந்த வாசனை அறைக்குள் போயிற்று. படுத்திருந்த நூமா தலையைத் தூக்கினான். யூலாலி எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். அதைச் சாத்தவில்லை, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

ஐடெல்லா சாதாரணக் கிண்ணத்தில் சோறு போட்டு, மேலே ஊற்றி, கிழங்கை உடைத்து நடுவில் வைத்தாள். ஊதிக் கொடுத்தாள்.

நூமா விழுங்கவில்லை. வாயில் வைத்துக்கொண்டே இருந்தான். கண்ணிலிருந்து தண்ணீர் காதுப்பக்கமாக வழிந்தது. பிறகு விழுங்கினான். இன்னொரு கரண்டி, இன்னொன்று. ஒரு வாரமாக இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடாதவன் பாதிக் கிண்ணம் சாப்பிட்டான்.

"இதுதான்" என்றான். "யார் வச்சா?"

ஐடெல்லா யூலாலியைப் பார்த்தாள். யூலாலி வேண்டாம் என்று மெல்லத் தலையசைத்தாள்.

வண்டியில் வரும் வழியெல்லாம் அவள் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தாள். பாலம் முடியும்வரை சொல்லக்கூடாது என்றிருந்தாள். ஊர் எல்லைக்கு வந்தபோது சொல்லிவிடுவது என்றிருந்தாள். இருபத்தேழு வருஷத்தில் அவனிடம் அவள் பொய் சொன்னதில்லை. சாகக்கிடக்கிறவனிடமா தொடங்குவது?

சொன்னாள். கட்டிலில் உட்கார்ந்து, அவன் கையைப் பிடித்துக்கொண்டு, வேலியைச் சொன்னாள், கிண்ணத்தைச் சொன்னாள், சாரத்தைச் சொன்னாள். அசேலி என்ற பேரைச் சொன்னாள். ரெண்டு வருஷம் முன்புவரை இருந்தாள் என்பதையும் மறைக்கவில்லை.

நூமா கூரையைப் பார்த்தபடியே கேட்டான்.

"எந்த ஊரு?"

"கேட்டஹூலா."

"எவ்வளவு நேரம் ஆச்சு போறதுக்கு?"

"ரெண்டரை மணி நேரம்."

"ரெண்டரை மணி நேரம்" என்றான். "லாஃபயெட்ல வேலை எடுத்தேனே, மூணு வருஷம். அந்தக் கரை ரோட்டுலதான் போவேன். அங்க ஒரு கடையில நின்னு சோடா குடிப்பேன், டெல்லா."

"தெரியாதுல்ல நூமா."

"அக்காவுக்குத் தெரியும்."

யூலாலி ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை.

"கிண்ணத்தை எடுத்துடு" என்றான் அவன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அதற்கப்புறம் அவன் எதையும் கேட்கவில்லை. கொடுத்தால் உதடு நனையும் அளவுக்கு வாங்கிக்கொள்வான். கம்போவைச் சூடுபண்ணிக் கொண்டுபோனாள், வேண்டாமென்றான். கீரைத் தண்ணீர் கொண்டுபோனாள், "அப்புறம் டெல்லா" என்றான். யூலாலி தினமும் வந்தாள். மூன்று நாள் அவன் அவளிடம் பேசவில்லை. நாலாம் நாள் அவள் போர்வையைச் சரிசெய்தபோது அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான், விடவில்லை. மன்னித்துவிட்டானா, வெறுமனே பிடித்துக்கொண்டானா என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. ஒன்பதாம் நாள் காலை பத்து மணிக்கு, ஐடெல்லா தலையணை உறை மாற்றிக்கொண்டிருக்கும்போது போய்விட்டான்.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்தபின் இருவரும் சமையலறையில் பாத்திரம் கழுவினார்கள். சபைக்காரர்கள் கொண்டுவந்த பொரித்த கோழி பாதிக்கு மேல் மிச்சம்.

"நீ சொல்லாம இருந்திருக்கலாம்" என்றாள் யூலாலி, தட்டைத் துடைத்தபடி. "சந்தோஷமா சாப்பிட்டான். அதோட விட்டிருக்கலாம்."

"நீங்க அம்பத்திரெண்டு வருஷம் விட்டீங்க."

யூலாலி துடைத்த தட்டையே மறுபடி துடைத்தாள். சொல்லியிருக்கக்கூடாது என்று ஐடெல்லாவுக்கு உடனே தோன்றியது. ஆனால் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்குள்ளும் அதே கேள்விதான் அரித்துக்கொண்டிருந்தது. அந்தப் பாதிக் கிண்ணத்தோடு அவன் போயிருந்தால் எப்படிப் போயிருப்பான்? யோசித்து யோசித்துப் பார்த்தாள். ஒருநாள் சரி என்று படும், மறுநாள் தவறு என்று படும். இப்படியே கோடை போயிற்று.

நவம்பர் முதல் தேதி, சகல புனிதர் நாளன்று, கல்லறைகளுக்கு வெள்ளையடிப்பது தெவீன் குடும்ப வழக்கம். பாப்டிஸ்டான ஐடெல்லாவுக்கு அது பழக்கமில்லை. அந்த வருஷம் யூலாலி வந்து கூப்பிட்டாள், இருவரும் சேர்ந்து நூமா இருக்கும் குடும்பக் கல்லறைக்கு அடித்தார்கள். அதே கல்லறைக்குள் வால்சேனும் ஃபெலிசியும் இருந்தார்கள். வாளியில் சுண்ணாம்பு மிச்சம் இருந்தது. ஐடெல்லா அதை மூடி வண்டியில் ஏற்றினாள். எங்கே என்று யூலாலி கேட்கவில்லை.

"பாலத்துல மெதுவா போ" என்றாள்.

கேட்டஹூலா கல்லறைத்தோட்டம் கோயிலுக்குப் பின்னால் இருந்தது. ஊரே அங்கேதான். வெள்ளைக்காரர்கள், குடும்பம் குடும்பமாக, வாளியும் காகிதப்பூவுமாக. அவள் உள்ளே நுழைந்ததும் சில தலைகள் திரும்பின. ஓவீத் ஒரு ஓரத்தில் முழங்காலிட்டுக் கல்லறையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்துகொண்டார்.

"நூமா போயிட்டான், பிப்ரவரியில" என்றாள் ஐடெல்லா. "சாப்பிட்டான். இதுதான்னு சொன்னான். அதை உங்ககிட்டச் சொல்லிட்டுப் போலாம்னு."

அவர் தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு தன்னிடமிருந்த இன்னொரு பிரஷை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கி, தன் வாளியைத் திறந்து, கல்லறையின் இடதுபக்கத்தை அடிக்கத் தொடங்கினாள். கல்லில் அசேலியின் பேரும் பிறந்த வருஷமும் இறந்த வருஷமும் இருந்தன. கீழே, பிள்ளைகள் இல்லை என்பதுபோல், வெற்றிடம்.

"என் மருமக இப்ப வருவா" என்றார் ஓவீத் தாழ்ந்த குரலில். "நீங்க யாருன்னு கேப்பா."

"என்ன சொல்வீங்க?"

"எங்கக்கா மருமகள்னு சொல்லப்போறேன். எனக்கு அறுவத்திரெண்டு வயசாச்சு. இனி யாருக்குப் பயப்படணும்?"

ஐடெல்லா பிரஷை நிறுத்தினாள். அப்படி ஒரு சொல்லை அவள் எதிர்பார்த்து வரவில்லை. கேட்டபின் அது வேண்டும்போல் இருந்தது.

காகிதப்பூக்களைத் தூக்கிக்கொண்டு ஒரு இளம்பெண் வரிசைகளுக்கு நடுவே வந்தாள். சிரித்த முகம். ஐடெல்லாவைப் பார்த்து நின்றாள்.

"மாமா, இவங்க யாரு?"

ஓவீத் தொப்பியைத் தலையில் வைத்தார். கல்லைப் பார்த்தார்.

"வேலைக்கு வந்தவங்க" என்றார். "வெள்ளையடிக்க. எனக்கு முட்டி வலிக்குதுல்ல."

"அதானே, நான் வந்து செய்யறேன்னேனே" என்றாள் அந்தப் பெண். பூவைக் கல்லறைமேல் வைத்துவிட்டு, ஐடெல்லாவைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, அடுத்த வரிசைக்குப் போனாள்.

ஓவீத் அசையாமல் நின்றார். ஐடெல்லா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் அவர் அழுவார், அழுதால் ஊர் திரும்பும். அவள் குனிந்து பிரஷை நனைத்தாள். பின்பக்கச் சுவர் இன்னும் பாசியாக இருந்தது. அந்தப் பக்கத்தை யாரும் தேய்த்ததாகத் தெரியவில்லை. மண்டியிட்டு உட்கார்ந்து, விரல்நகத்தால் பாசியைச் சுரண்டிவிட்டு, மேலிருந்து கீழாக நிதானமாக அடிக்க ஆரம்பித்தாள்.